கன்னத்து வீக்கமும் ஒரு கபடி விசிலும்

தம்பி,

இன்று காலை எதிர்வீட்டுக்காரி தன் மகளை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். பிள்ளைக்குக் காதடியில் வீக்கம், பொன்னுக்கு வீங்கி. கழுத்தில் போட்டுவிட ஒரு தங்கச் சங்கிலி வேண்டுமாம். கழற்றிக் கொடுத்தேன். கூடவே, வீக்கம் வற்றாவிட்டால் டாக்டரிடம் காட்டியே தீரவேண்டும் என்று அதட்டியும் அனுப்பினேன். அவள் போன பிறகு உன் ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

உன் கன்னம் வீங்கியபோது, பொன்னுக்கு வீங்கி என்று நினைத்து, உனக்கும் இதே சங்கிலியைத்தான் போட்டுவிட்டேன். நாற்பது வயதுக் கபடி நடுவர், அக்காள் சங்கிலியோடு மைதானத்தில் நின்றால் பயல்கள் சும்மா விடுவார்களா? ‘புதுமாப்பிள்ளை’ என்று பட்டப்பெயரே வைத்தார்கள். நீயும் வெட்கமில்லாமல் சிரித்தாய். வீக்கம் மட்டும் வலியே இல்லாமல் வளர்ந்துகொண்டு போனது.

பாளையங்கோட்டையில் டாக்டரம்மா சதை எடுத்துப் பரிசோதித்து, ஸ்கேனும் பார்த்த பிறகு, நம்மை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். உமிழ்நீர்ச் சுரப்பியில் புற்றுநோய்; அதிலும் சிறுசெல் வகை. பெரும்பாலும் நுரையீரலில் வருவது, இங்கே வருவது ரொம்ப அபூர்வம். உன் நுரையீரலில் ஒன்றும் இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீயோ, “நெஞ்சுக்குப் போக வேண்டியது, விலாசம் தெரியாம கன்னத்துல இறங்கிட்டு போலக்கா” என்றாய். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

அறுவையில் முகத்து நரம்பையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு கதிர்வீச்சு, கீமோ. வாய் ஒருபக்கம் கோணி, எச்சில் வற்றி, ஒரு வாய் சோற்றுக்கு ஒரு வாய் தண்ணீர் என்று சாப்பிட்டாய். அதையெல்லாம் நீ பொருட்படுத்தவில்லை. விசில் ஊத முடியவில்லை என்பதில்தான் உடைந்துபோனாய். உதடு கூடாமல் காற்றெல்லாம் ஓரமாகப் போய்விடும். பார்க்க வந்தவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்து, “பாவம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே உனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆற்றுக்குப் போகும்போதெல்லாம் விசிலையும் கொண்டுபோனாய். ஒரு நாள் கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கோணிய உதட்டோரத்தைப் பெருவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு நீ ஊதினாய். அக்கரைக் கொக்குகள் மொத்தமாக எழும்பின. ஈரத் துணியும் கையுமாக நின்று அழுதேன்; சந்தோஷத்தில்தான்.

அந்த வருடம் ஆழ்வார்குறிச்சிக் கோயில் கொடைத் திருவிழாவில் கபடி இறுதி ஆட்டம். விழாக்காரர்கள் உன்னை மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தப் பார்த்தார்கள். “துண்டைப் போத்திக்கிட்டு உக்காரவா வந்தேன்? ஆட்டத்தைத் தாரும்வே” என்று களத்தில் இறங்கிவிட்டாய். கடைசியில் உள்ளூர்ப் பையன் பாடிப் போய், இரண்டு பேரைத் தொட்டுத் திரும்புகையில் அவன் கால் எல்லைக்கோட்டுக்கு வெளியே பட்டது. விரலை உதட்டோரம் வைத்து ஊதினாய். அவுட். உள்ளூர் தோற்றது.

கூட்டம் கொதித்துவிட்டது. “ஏலே அம்பயரு, கண்ணு என்ன பிடதியிலயா இருக்கு?” என்று ஒருவன் தொடங்கிவைத்தான். பிறகு நம் ஏழு தலைமுறையையும் இழுத்தார்கள். அதில் நானும் அடக்கம். நான் பதறிக்கொண்டு வந்தால், நீ எதிரே ஓடி வந்து என் கையைப் பிடித்தாய். பாதி முகம்தான் சிரித்தது. ஆனால் அப்படி ஒரு சிரிப்பை அதற்குமுன் உன்னிடம் நான் பார்த்ததில்லை.

“கேட்டியாக்கா? ஒருத்தனும் பாவம்ங்கல. திட்டுதானுவ.”

அதன்பின் இன்னும் இரண்டு கொடைக்கு விசில் ஊதினாய். பிறகு நோய் ஈரலுக்குப் போனது; உன்னையும் கொண்டுபோனது. துட்டி கேட்க வந்தவர்கள் “பாவம், சின்ன வயசு” என்று ஆரம்பித்தார்கள். நான் ஒருவரையும் முடிக்க விடவில்லை. ஆழ்வார்குறிச்சியில் நீ வாங்கிய வசவுகளை எல்லோருக்கும் சொன்னேன். இப்போதும் கேட்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அதில் ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை.