மூன்றாம் மாடியின் கைகுலுக்கல்

மூன்றாம் மாடிக்காரிக்கு,

நீ எங்கள் பள்ளி வேலையை விட்டு, மேலே அரசுப் பணத்தில் தனியார் நடத்தும் சார்ட்டர் பள்ளிக்குப் போன பிறகு, நாம் படிக்கட்டில் மட்டும்தான் பார்த்துக்கொள்கிறோம். உன் வகுப்பு வரிசையாக, சத்தமில்லாமல் இறங்கும். என் பிள்ளைகள் சுவரோரம் ஒதுங்கி நிற்பார்கள்.

கட்டடம் ஒன்று, உணவறையும் ஒன்று. பன்னிரண்டு மணி உங்களுக்கு, பத்தரை எங்களுக்கு. "மிஸ், இது லஞ்சா, காலை டிபனா?" என்று ஷனீஸ் தினமும் கேட்கிறாள். "சாப்பிடுடி, அப்புறம் மேல இருக்கறவங்களுக்கு இடம் விடணும்" என்கிறேன். அப்படிச் சொல்வது எனக்கே பிடிக்கவில்லை.

உங்கள் பள்ளிச் சேர்க்கைக் குலுக்கலில் என் மகள் யாரிட்சாவின் பெயர் விழுந்துவிட்டது. விண்ணப்பித்தது நான்தான். விழாது என்ற நம்பிக்கையில் விண்ணப்பித்தேன் போலிருக்கிறது. ஆறாம் வகுப்பு, உன்னிடம்.

அறிமுக நாளில் உன்னைப் பார்த்துவிட்டு வந்தவள் வேறெதுவும் பேசவில்லை. "அந்த மிஸ் கத்தவே மாட்டாங்களாம்மா. நீயும் டீச்சர்தானே, நீ மட்டும் ஏன் கத்துற?"

இங்கே இருந்தபோது நீயும் கத்தியவள்தான். அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையோடும் கைகுலுக்குவாயாமே. நேற்று சமையலறையில் என்னை நீயாக நிற்கவைத்து ஒத்திகை பார்த்தாள். கண்ணை நேராகப் பார்த்தாள், கையை அழுத்திப் பிடித்தாள். நான் விடவில்லை.

"விடும்மா. மிஸ் இவ்ளோ நேரம் பிடிக்க மாட்டாங்க. நான் உள்ள போகணும்."

சம்மதக் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். செப்டம்பரில் அவள் வரும்போது கையைச் சீக்கிரம் விட்டுவிடு.

இரண்டாம் மாடியிலிருந்து,
அவள் அம்மா