பரிசல் கட்ட ஒரு கரை

6-8-79, திங்கள்
வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது மருதாசலம் மாமா வந்தார். என் வீட்டுக்காரரின் அண்ணன். வீட்டுக்காரர் இறந்தபின் எதையும் மாமாவைக் கேட்டே செய்து பழகிவிட்டேன்.
“சௌந்திரம், ராமாயி பரிசல நம்ம கரையில கட்ட வேண்டாம்னு சொல்லிப்போடு. கண்டவங்களும் தோட்டத்துக்குள்ள ஏறி வாராங்க.”
சரி என்றேன். மாலையில் ராமாயியிடம் சொல்லியும் விட்டேன். அவள் புருஷன் தென்னையிலிருந்து விழுந்து படுக்கையில் கிடக்கிறான். இவள் துடுப்புப் போட்டால்தான் கஞ்சி. “செரிங்காத்தா” என்றாள். அவ்வளவுதான்.

8-8-79
ஆற்றில் தண்ணீர் கூடியிருக்கிறது.

11-8-79, சனி
ராமாயி இப்போது பாறைப் பக்கம் கட்டுகிறாள். இழுப்பு அதிகமான இடம். அக்கரையில் களையெடுத்துத் திரும்பிய மாரியாயி இறங்கும்போது பரிசல் விலகி, ஆற்றில் விழுந்துவிட்டாள். ராமாயி குதித்து, முடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்திருக்கிறாள். உயிர் பிழைத்தது. நெற்றியில் எட்டுத் தையல்.
அங்கே கட்டும்படி ஆனது யாரால்? என்னாலதானே. மாமாகிட்ட ஒரு வார்த்தை எதுத்துச் சொல்லியிருக்கலாமே — ஏன் சொல்லல?

12-8-79
ராமாயி வீட்டுக்கு நானே போனேன். அந்தத் தெருவில் கால் வைத்தது இதுவே முதல் தடவை.
“நம்ம கரைக்கே வந்துரு.”
“வேண்டாங்காத்தா. பெரிய ஊட்டுக்காரரு ஒங்களத்தான் பேசுவாருங்க.”
“பேசட்டும். அது எம்பட தோட்டம்.”
சொல்லிவிட்டு நேரே தோட்டத்துக்கு வந்தேன். மதியத்துக்குள் ஆள் விட்டுக் கரையில் கல் நட்டாயிற்று, கயிறு கட்ட.

15-8-79
மாமா வாசலிலேயே நின்று பேசினார். “அந்தக் கல்லப் புடுங்கற வரைக்கும் எங்க ஊட்டுப் படி ஏறாத. கண்ணாலத்துக்கும் வர வேண்டாம்.”
அவர் மகள் காளியாத்தாளுக்கு மாதக் கடைசியில் கல்யாணம். அவளுக்குத் தலை பின்னி வளர்த்தவள் நான். அழுதேன். கல்லைப் பிடுங்கச் சொல்லவில்லை.

22-8-79
ஊரில் எல்லோருக்கும் பத்திரிகை வைத்தாயிற்று. எனக்கு இல்லை.

30-8-79, வியாழன்
கல்யாணம். மேளச் சத்தத்தைக் கேட்டபடி தோட்டத்தில் நின்றிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ், பாலத்தைச் சுற்றி வருவதற்குள் அக்கரையில் பழுதாகி நின்றுவிட்டதாம். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று ராமாயிதான் அவர்களைப் பரிசலில் ஏற்றி வந்தாள். தகவல் தெரிந்து மாமா கரைக்கு ஓடி வந்தார். பரிசல் ஆடியதில் மாப்பிள்ளையின் அம்மா பயந்து எழுந்திருக்கவே இல்லை. மாமா பட்டு வேட்டியோடு தண்ணீரில் இறங்கி, ராமாயி எறிந்த கயிற்றைப் பிடித்து, கல்லில் அவரே கட்டினார்.
எல்லோரும் மேலேறிய பிறகு என் முகம் பாராமல், “சேலை மாத்திக்கிட்டு வா, சௌந்திரம். புள்ள உன்னையே கேக்கறா” என்றார்.
போனேன். கல்லைப் பற்றி யாரும் பேசவில்லை. ராமாயிக்கும் இலை போட்டார்கள் — புறக்கடையில்தான்.