மணலில் இல்லாத பல்

ஏ கடலை,

இன்று காலை ராகி மாவு சலிக்கச் சல்லடையை எடுத்தேன். விளிம்பு நெளிந்து, கம்பி ஒன்று அறுந்த அதே சல்லடைதான். நாலு தட்டுத் தட்டினதும் விளிம்பு மடிப்பிலிருந்து ஒரு மணல் மாவில் விழுந்தது. ஆறு வருஷமாகக் கழுவுகிறேன், இன்னும் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. மாவை அப்படியே மூடி வைத்துவிட்டுப் பாப்பாவின் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்தியூரில் ஆறாவது வரைக்கும் படித்த எழுத்து. தப்பு இருக்கும். இருந்தால்தான் என்ன, இந்த வீட்டில் தமிழ் படிக்க யார் இருக்கிறார்கள்? உன் அண்ணன் லாரியோடு போனால் பத்து நாள். பாப்பா பள்ளிக்கூடத்தில் கன்னடம் படிக்கிறாள், என்னிடமும் பாதி கன்னடம்தான். முந்தானையில் எந்நேரமும் வறுத்த கடலை முடிந்து வைத்திருந்த ஒரு நாத்தனார் எனக்கு இருந்தாள், அதனால் அவளைக் கடலை என்று கூப்பிடுவேன் என்று இங்கே நான் யாரிடம் சொல்ல?

பிள்ளை இல்லை என்று உன் புருஷன் வீட்டில் உன்னை அனுப்பிவைத்த வருஷம் நீ மைசூருக்கு எங்களிடம் வந்தாய். நான் ஊதுபத்தி உருட்டப் போவேன். பாப்பா நாள் முழுக்க உன் இடுப்பில். அவள் பேசின முதல் பேச்சே "அத்தை"தான். எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது. உன்னிடம் சொன்னதில்லை.

அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்த நேரம். நீ குடத்தோடு வெளியே போக, இரண்டு வயசுப் பிள்ளை டம்ளரை வாயில் கவ்விக்கொண்டே உன் பின்னால் ஓடிவந்தாள். எதிர்வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் கால் புதைந்து குப்புற விழுந்தாள். நான் வேலை முடிந்து வந்தபோது உன் சேலையெல்லாம் ரத்தம். பாப்பாவின் மேலுதடு பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. முன்பல் ஒன்று இருந்த இடத்தில் ரத்தக்கட்டு மட்டும்தான் தெரிந்தது.

விழுந்த பல்லைப் பாலில் போட்டுக் கொண்டுபோனால் டாக்டர் திரும்ப வைத்துவிடுவார் என்று பக்கத்து வீட்டு ரத்னம்மா சொன்னாள். அவள் தம்பிக்கு அப்படித்தான் வைத்தார்களாம். அந்தத் தம்பி மீசை வைத்த ஆள் என்பதை அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. நாலு பேர் நிற்கிற இடத்தில் உன்னைப் பார்த்துக் கத்தினேன்.

"பல்லோட வா. இல்லாட்டி இந்த வாசப்படி ஏறாத. உனக்கென்ன, பெத்திருந்தாத்தானே தெரியும்!"

நீ அழவில்லை. "கெடச்சுரும் நங்கை" என்றாய். அண்ணியை நங்கை என்று கூப்பிடுகிற வாய் இந்தத் தெருவில் உன்னுடையது ஒன்றுதான்.

நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாய். சல்லடையை மட்டும் கேட்டு வாங்கினாய். ரத்னம்மாவிடம் ஒரு டம்ளர் பால் வாங்கி எங்கள் படியோரம் மூடி வைத்தாய். மணலை அள்ளி அள்ளிச் சலித்தாய். இருட்டினால் ரத்னம்மா வீட்டில் படுத்துக்கொண்டாய், விடிந்தால் பழைய பாலைக் கொட்டிவிட்டுப் புதுப்பால். மேஸ்திரி உன்னைக் கேலி செய்தார்.

"ஏம்மா, அத்தன மணலயும் சலிச்சுட்டா என் சித்தாளுக்கு என்னம்மா வேல?"

"பல்லு கெடச்சா உனக்கு ஒரு படி கடல தர்றேன், போய்யா!"

உள்ளே பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. பல் கிடைக்கட்டும், அப்புறம் டாக்டரிடம் போகலாம் என்று மூன்று நாள் உட்கார்ந்திருந்த தாய் நான்.

நாலாம் நாள் அவள் கஞ்சியைக்கூட வாயில் வாங்கவில்லை. பயந்துபோய்ப் பல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சின்ன வயசு டாக்டரம்மா. உதட்டை மெதுவாகத் தூக்கிப் பார்த்தார், ஒரு எக்ஸ்ரே எடுத்தார். பெருவிரல் அகலம்கூட இல்லாத படம். அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"எல்லூ ஹோகில்லம்மா. இல்லே இதெ."

எங்கேயும் போகவில்லை, இங்கேதான் இருக்கிறது. டம்ளர் இடித்த வேகத்தில் பல் முழுசும் ஈறுக்குள்ளே மேலே ஏறிவிட்டதாம். இழுக்கக் கூடாது, சில மாசத்தில் தானாக இறங்கிவரும் என்றார். மெத்தென்று சாப்பாடு கொடு, ஈரத்துணியால் துடைத்துவிடு, ஈறு வீங்கினாலோ சீழ் வைத்தாலோ ஓடிவா என்றார். அன்றைக்கே வந்திருக்க வேண்டாமா என்று திட்டினார். பாலில் போடுகிற கதையைச் சொன்னேன். பால்பல் கையில் கிடைத்தாலும் திரும்ப வைக்க மாட்டோம், மேலே வளர்கிற பெரிய பல் கெட்டுப்போகும் என்றார். இப்போதே அதில் கறை விழுந்திருக்கலாம், முளைத்த பிறகுதான் தெரியுமாம்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். நீ வெயிலில் குந்தி உட்கார்ந்து சலித்துக்கொண்டிருந்தாய். டாக்டரம்மா விளையாடக் கொடுத்த அந்தப் படம் பாப்பா கையில். நீ நெற்றியில் கையை வைத்து நிமிர்ந்து பார்த்தாய்.

"டாக்டரு என்னங்க சொன்னாங்க நங்கை?"

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் குழாயடியில் ரத்னம்மாவும் இன்னும் இரண்டு பேரும் நின்றார்கள். பல் பிள்ளையின் வாயிலேயே இருந்தது, பெற்றவள் நான் பார்க்கவில்லை என்று அவர்கள் எதிரே எப்படிச் சொல்வது?

"மருந்து குடுத்தாங்க" என்றேன்.

நீ பாப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். அப்புறம் குனிந்து சலிக்க ஆரம்பித்தாய். பொழுது சாயும் வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காலையில் கதவைத் திறந்தால் பால் டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. சல்லடையையும் கழுவித் தாழ்ப்பாளில் மாட்டியிருந்தாய். முதல் பஸ்ஸுக்கே ஹனூருக்கு, உன் பிறந்த ஊருக்கே போய்விட்டாய் என்று ரத்னம்மா சொன்னாள்.

அப்புறம் எல்லாம் போனில்தான். பல்லுக்காக மாதேஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டு, அது வரும்வரை கடலை தின்பதில்லை என்று விட்டுவிட்டாயாம். ஐந்தாம் மாசம் ஈறைக் கிழித்துக்கொண்டு பல் நுனி தெரிந்தது. கொஞ்சம் சாம்பல் நிறம். உனக்குப் போன் செய்தேன். முதலில் ஓடு உடைக்கிற சத்தம்தான் வந்தது. வாய் நிறையக் கடலையோடு, "மாதேஸ்வரங் குடுத்துட்டான் பாத்தீங்களா நங்கை!" என்றாய். நான் "ஆமா" என்றேன்.

போன வருஷம் காமாலை முற்றி நீ கொள்ளேகால் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பாவுக்கு அந்தப் பல்லு விழுந்து பெருசு மொளச்சுதா?" என்று கேட்டாய். இன்னும் இல்லை என்றேன். "மொளைக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டாய். மறுநாள் நீ இல்லை.

முளைத்துவிட்டது, கடலை. போன மாசம். நல்ல பெரிய பல், நேராகத்தான் வந்திருக்கிறது. நடுவில் மட்டும் கடுகளவுக்குப் பழுப்பாக ஒரு கறை. பூசி மறைக்கலாம், இப்போது வேண்டாம் என்கிறார் டாக்டர். பாப்பா கண்ணாடி முன்னால் நின்று அதை நகத்தால் சுரண்டுகிறாள். "யாக்கம்மா இது போகலை?" என்று, ஏன் என்பதைக் கன்னடத்திலேயே கேட்கிறாள். விழுந்த கதையைச் சொன்னேன். அத்தை மணல் சலித்த கதையையும் சொன்னேன். அந்த மத்தியானத்தை மட்டும் சொல்லவில்லை.

அந்தப் படத்தை ரேஷன் கார்டு உறையில் வைத்திருக்கிறேன். இன்றைக்கு எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் ஈறுக்குள்ளே பல் இருப்பது தெரியும். பாப்பா அன்றைக்கு அதை உன் முகத்துக்கு நேராகத்தான் நீட்டினாள். நீ பார்த்தாயா, கடலை? பார்த்துவிட்டுத்தான் குனிந்து சலித்தாயா?