படிவத்தில் விடுபட்ட பெயர்

லங்காஸ்டர், கலிஃபோர்னியா
திங்கட்கிழமை

அன்புள்ள மகள் கிரெட்சனுக்கு,

அப்பா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் இங்கே ஒழுங்காக இருக்கிறது, ஒஹையோ குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். தொலைபேசியில் பேசினால் நீ வாதாடியே என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம், நாளையே கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

இன்று காலை புலனாய்வு அதிகாரி வந்தார், திருமதி பெல்ட்ரான் என்று பெயர். புதிய குண்டுவீச்சு விமானத் திட்டத்தில் உன்னைச் சேர்க்கும் முன் உன்னைப் பற்றித் தெருவெல்லாம் விசாரிக்கிறார். எதிர்வீட்டு டெல்பர்ட் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன ஆர்லன், அப்பனும் பொண்ணுமா எந்த பேங்க்ல கை வெச்சீங்க" என்று சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதிகாரி கேட்ட முதல் கேள்வியே, "உங்க பொண்ணு வெளிநாட்டுக்காரங்க யாரோடயாவது நெருக்கமா பழகினாங்களா சார்" என்பதுதான். பிரான்ஸில் துலூஸ் நகரத்தில் மேற்படிப்புப் படித்தபோது வாதிம் என்ற ரஷ்யப் பையனோடு எட்டு மாதம் ஒரே வீட்டில் இருந்தாய், இன்றும் உன் பிறந்தநாளுக்கு அவன் எழுதுகிறான். நல்லவன்தான், இங்கே வந்திருந்தபோது என் கூரையில் ஏறி ஒழுகலை அடைத்தவன். ஆனால் வெளிநாட்டுப் பழக்கங்களைக் கேட்கும் பாதுகாப்பு அனுமதிப் படிவத்தில் அவன் பெயரை நீ எழுதவில்லை. சனிக்கிழமை என்னிடம், "தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கப்பா, யாருக்கு என்ன நஷ்டம்" என்றாய். நான் அப்படிச் சொல்லவில்லை. வியாழக்கிழமை பத்து மணிக்கு வாருங்கள், பதில் சொல்கிறேன் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். சந்தேகம் விழுந்துவிட்டது, அது என்னால்தான்.

பத்தொன்பது வருடம் பாம்டேல் தொழிற்சாலையில் ரேடாருக்குத் தெரியாத அந்தக் கறுப்பு விமானங்களின் தகடுகள் சேரும் இடங்களில் பசை பூசி நாடா ஒட்டித் தேய்த்தவன் நான். படிக்காதவன் என்று எந்தக் கூட்டத்துக்கும் என்னை அழைத்ததில்லை, நூலகத்துப் புத்தகங்களை வைத்தே ரேடாரைப் பற்றிக் கற்றேன். வடிவத்தை எவ்வளவு கவனமாக அமைத்தாலும் சரியாக மூடாத ஒரு இடுக்கு போதும், ரேடாரில் விமானம் தெரிந்துவிடும். அது எப்போது தலைக்கு மேல் வரும் என்று தெரியாத வரைதான் எதிராளியின் கை தயங்கும், குண்டு போடாமலே அது செய்யும் வேலை அதுதான். அதனால் உள்ளே வருகிறவர்களைத் துருவுவதில் தப்பே இல்லை. நீ மறைத்த பெயரை வைத்து ஒருவன் உன்னை மிரட்டலாம், எழுதிக் கொடுத்துவிட்ட பெயரை வைத்து யார் என்ன செய்ய முடியும்.

உன் அம்மாவிடம் வேலையைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள், குளிர்பதனப் பெட்டி செய்கிறோம் என்றேன். "பிரிட்ஜ் செய்றவனுக்கு ஞாயித்துக்கிழமையும் என்னய்யா வேலை, அவ பேரைச் சொல்லு" என்று கேட்டுவிட்டுத்தான் என்னை விட்டுப் போனாள், உனக்கு அப்போது ஏழு வயது. மறு வருடம் அந்த விமானத்தை உலகத்துக்கே காட்டினார்கள், எனக்கு என்ன பயன். அது நாட்டுக்காகச் சொன்ன பொய். உனக்காக இன்னொன்று சொல்ல மாட்டேன்.

திருமதி பெல்ட்ரானின் தொலைபேசி எண் உள்ள அட்டையை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன், நீயே அழைத்துப் பேசு. நீ முதலில் சொன்னால் விட்டதைத் திருத்தியதாக எழுதிக்கொள்வார்கள், நான் முதலில் சொன்னால் மறைத்ததாக எழுதுவார்கள், வேலை போய்விடும். சொன்னாயா இல்லையா என்று எனக்குத் தெரிவிக்காதே, தெரிந்துகொண்டுதான் அப்பா பேசினார் என்று ஆகிவிடக் கூடாது. வியாழக்கிழமை அவர் கேட்பார், நான் வாதிமின் பெயரைச் சொல்வேன்.

வேலை கிடைத்தாலும் போனாலும் நீ என் மகள், நலமாக இரு. உனக்குப் புதன்கிழமை மாலை வரைதான் நேரம்.

உன் அப்பா,
ஆர்லன் புகெட்