இந்த ஐப்பசியில் அண்டா அடகுக்குப் போகவில்லை

என் தங்க நைனாவுக்கு,

சேதி கேட்டியா? அண்டா வீட்டிலேயே இருக்குது! ஐப்பசி போச்சு, கார்த்திகை போச்சு, மார்கழியும் போச்சு. தை பிறந்து பொங்கலும் வச்சாச்சு. நம்ம பித்தளை அண்டா திருவள்ளூர் சேட்டு கடைப் படியை மிதிக்கவே இல்ல. இதை உன்கிட்ட சொல்லாம எனக்குச் சோறு இறங்கமாட்டேங்குது. அதான் மாட்டுக்குத் தண்ணி காட்டினதும் பேனாவை எடுத்துக்கினு உட்கார்ந்துட்டேன்.

உனக்குத் தெரிஞ்ச கதைதான். இருந்தாலும் இதைப் படிக்கிற நாலு பேருக்கும் தெரியட்டும். அந்த அண்டா அம்மாவுக்குப் பொறந்த வீட்டுச் சீர். ஐப்பசியில நடவு முடிஞ்சதும் கூலி வேலை நின்னுடும், குதிர்ல நெல்லும் அடியைத் தொட்டுடும். உடனே நீ அண்டாவைக் கோணியில சுத்தித் தோள்ல வச்சுக்கினு வேப்பம்பட்டுல ரயில் ஏறுவே. வழியில யாராவது கேட்டா "ஈயம் பூச எடுத்துக்கினு போறேன்"னு சொல்லுவே. எந்த ஊர்ல நைனா அண்டாவுக்கு மூணு மாசம் ஈயம் பூசுறாங்க? ஊரே வாயைப் பொத்திக்கினு சிரிக்கும். தை அறுப்பு முடிஞ்சாத்தான் அது திரும்பி வரும்.

போன மாசியில நீ கண்ணை மூடிட்டே. நிலத்தைச் சித்தப்பா வாரத்துக்கு உழுறாரு, விளைச்சல்ல பாதிதான் நமக்கு. அப்படின்னா இந்த வருஷம் அண்டா உள்ள போனா போனதுதான், மீட்டுக்கினு வர நம்மால ஆவாது. அம்மா இதை வாய் திறந்து சொல்லல. ஆனா வெள்ளிக்கிழமை புளி போட்டு அண்டாவைத் தேய்க்கிறப்ப அது கை நின்னு நின்னு போவும். அதைப் பார்த்துட்டுத்தான் பங்குனியிலேயே சொல்லிட்டேன்: "இந்த வருஷம் வீட்டுச் செலவு என் கையில. நீ பேசாம இரு."

எட்டாவது வரைக்கும் படிக்க வச்சியே, சும்மாவா? சித்திரையில புளி மலிஞ்சப்ப கொட்டை எடுக்காத புளியா மூட்டையில வாங்கினேன். நானும் எதிர்வீட்டு ராஜம்மா அக்காவும் உட்கார்ந்து கொட்டை தட்டி, உப்பு போட்டுப் பானையில அமுக்கி வச்சோம். மிளகாயும் அப்பவே. ஏரிக்கரை முள்ளை வெட்டி மழைக்கு முன்னாடியே விறகா அடுக்கியாச்சு. பழவேற்காட்டுக் கருவாட்டு பாய் வந்தாரு. உன்னைக் கேட்டாரு. நீ போயிட்டேன்னு சொன்னதும் ஒரு கை கருவாடு கூடவே போட்டுட்டுப் போனாரு.

நீ இருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா? புளி வாங்கிக்கினு வான்னு அனுப்பினா பலாப்பழத்தோட வர்ற ஆளு நீ! "டப்பு கையில இருந்தா உள்ளங்கை அரிக்குதுடி கன்னி"ன்னு சொல்லிச் சொல்லியே பையைக் காலி பண்ணுவே. அந்தப் பலாப்பழம் ருசியாத்தான் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல.

நடுவுல ஒரு கூத்து. நீ போன கொஞ்ச நாள்லயே கவர்மெண்டு புதுக்காசு விட்டுடுச்சு. நயா பைசான்னு பேரு, ரூபாய்க்கு நூறாம். கடைக்காரர் அணாவுக்கு ஆறு பைசாங்கிறாரு. அம்மா விடுமா? புளியங்கொட்டையை அணாவுக்கு ஆறா, ரூபாய்க்குப் பதினாறு குவியல் வச்சு எண்ணிப் பார்த்துட்டு நேரா கடைக்குப் போயிடுச்சு. "தொண்ணூத்தாறுதான் வருது. மீதி நாலு எவன் ஊட்டுக்குப் போச்சு?"ன்னு கேட்டுச்சு பாரு! "தில்லிக்குப் போய்க் கேளும்மா"ன்னு கும்பிட்டாரு மனுஷன். அன்னைக்குத்தான் நீ போன பிறகு முதல் தடவையா நானும் அம்மாவும் சேர்ந்து சிரிச்சோம்.

ஆவணி, புரட்டாசி வரைக்கும் எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. பால் காசுல மிச்சம் பிடிச்சு டப்பாவுல போட்டு வச்சேன். தை வரைக்கும் தாங்கும்னு எனக்கு ஒரே தெம்பு. ஐப்பசியில ஒரு காத்து அடிச்சுது நைனா. கூரையில பாதி கீத்து ஏரியில போய் விழுந்துச்சு. கீத்து, மூங்கில், ஆள் கூலின்னு டப்பா காலி. அரிசிப்பானையும் காலி. வருஷம் பூரா வாயைக் கட்டி வயித்தைக் கட்டி என்ன பிரயோஜனம்னு மாட்டுக்கொட்டாய்ல உட்கார்ந்து ஓன்னு அழுதேன்.

விடிஞ்சதும் அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசல. அண்டாவைக் கோணியில சுத்தித் தலையில வச்சுக்கினு கிளம்பிட்டேன். தூறல். ராஜம்மா அக்கா வாசல்லயே நிக்குது. "இன்னாடி கன்னி, ஈயம் பூசவா?"ன்னு கேட்டுச்சு. "ஆமாக்கா"ன்னேன். வருஷா வருஷம் இதைச் சொல்ல உனக்கு எப்படி இருந்துச்சு நைனா? சிரிச்சுக்கினேதான சொல்லுவே?

ஸ்டேஷன்ல அண்டாவை இறக்கி வச்சுட்டு அது மேலயே சாஞ்சு உட்கார்ந்தேன். பட்டணத்துப் பக்கத்துலேர்ந்து வண்டிப் புகை தெரிஞ்சுது. அப்பத்தான் பார்க்கிறேன், தண்டவாளத்து ஓரமா ஒரு பொம்பளை ஓடி வருது. தலைவிரி கோலம், புடவை முழங்காலுக்கு மேல, சேறு இடுப்பு வரைக்கும். யாரு பெத்த பைத்தியமோன்னு நினைச்சேன். கிட்ட வந்தா அம்மா!

"எந்திரிடி! அத்தத் தூக்கு. ஊட்டுக்கு வா."

"ஊட்ல இன்னா கீது? கூரைய வடிச்சுத் திங்கிறதா?"

"பெருமாள் முடிச்சு கீதே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பெருமாள் முடிச்சுன்னா நம்ம வீட்டுப் பிடி அரிசிக் காசு. உலையில போடுற அரிசியிலேர்ந்து வேளைக்கு ஒரு பிடி எடுத்து அம்மா தனிப்பானையில போடும். மாசக் கடைசியில அதை வித்து, காசை மஞ்சத்துணியில முடிஞ்சு சாமி படத்துக்குப் பின்னால தொங்கவிடும். புரட்டாசியில நீ திருப்பதிக்கு நடந்து போய் உண்டியல்ல போட்டுட்டு மொட்டையோட வருவே. இந்த வருஷம் நம்ம வீட்டுல சாவு. வருஷம் திரும்பாம மலை ஏறக்கூடாது. அதனால முடிச்சு அங்கேயே தொங்கிக்கினு இருக்குது.

இதுல வேடிக்கை என்ன தெரியுமா? தினம் அந்தப் படத்துக்குக் கீழதான் உட்கார்ந்து நான் செலவுக்கணக்கு பார்த்தேன். தலைக்கு மேல தொங்குறது காசுன்னு ஒரு நாள் கூட என் புத்திக்கு எட்டல. நைனா, நாம சேமிக்கத் தெரியாத குடும்பமே இல்ல! வருஷம் பூரா, வேளை தவறாம, பசியோட இருந்த நாள்ல கூட சேர்த்திருக்கோம். சாமிக்குன்னா கை தானா சேர்க்குது. நமக்குன்னா மட்டும் கை வரல.

ஆனா அன்னைக்கு "சாமி காசும்மா! கண்ணு போயிடும்!"னு கத்தினேன்.

"போனா என் கண்ணு போவட்டும். உங்க நைனாவ எடுத்துக்கினாரே, என்ன ஒரு வார்த்த கேட்டாரா? நான் இன்னா திருடவா போறேன்? கடன்தான்டி. தையில குடுத்துடறேன். அவரே கல்யாணத்துக்குக் குபேரன்கிட்ட வாங்கிட்டு இன்னும் வட்டி கட்டிக்கினு கீறாரு. கடன்காரன் பேஜாரு அவருக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

அம்மா இவ்ளோ பேசுமா? உன் எதிர்ல ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்குதா? வண்டி வந்துச்சு, நின்னுச்சு, போயே போச்சு. நாங்க ஏறல. ஆளுக்கு ஒரு வளையத்தைப் பிடிச்சுக்கினு அண்டாவை நடுவுல ஊஞ்சல் மாதிரி ஆட்டிக்கினே வீட்டுக்கு வந்தோம். ராஜம்மா அக்கா இன்னும் வாசல்லதான் நிக்குது. "இன்னாடி, அதுக்குள்ள பூசியாச்சா?" அம்மா நிக்காமலே பதில் சொல்லிச்சு: "எங்க அண்டாவுக்கு இனிமே ஈயமே வாணாம் போடி!"

முடிச்சை அவிழ்க்கிறப்ப மட்டும் அம்மா குளிச்சுட்டு வந்து விளக்கு ஏத்திச்சு. ஒவ்வொரு தடவை எடுக்கிறப்பவும் படத்தைப் பார்த்து "இது அரிசிக்கு", "இது மாட்டுத் தவிட்டுக்கு"ன்னு சொல்லிட்டுத்தான் எடுத்துச்சு. காப்பித்தூளுக்கு எடுக்கலாமான்னு கேட்டேன். "அதெல்லாம் அவருகிட்ட கேக்க எனக்கு வெக்கமா கீது"ன்னுடுச்சு.

கார்த்திகை மழை ஊத்தினப்ப பின்கட்டுல அண்டா நிறைய வெந்நீர் வச்சோம் நைனா. எனக்கு விவரம் தெரிஞ்சு மழைக்காலத்துல அந்த அண்டாவுல வெந்நீர் வச்சது அதுதான் முதல் தடவை. ஆவி கூரையைத் தொடுது, வீடே கதகதன்னு இருக்குது. அம்மா கையை விட்டுச் சூடு பார்த்துச்சு. பார்த்துட்டு, பழக்கதோஷத்துல வாசப்பக்கம் திரும்பி, "இந்தாய்யா, தண்ணி காஞ்சுடுச்சு, வந்து குளி!"ன்னு குரல் குடுத்துச்சு. குடுத்துட்டு அப்படியே நின்னுடுச்சு. அப்புறம் அதுவே சொம்பை எடுத்து என் தலையில ஊத்துச்சு. இத்தனை வருஷமா கழனியிலேர்ந்து நடுங்கிக்கினு வந்து பச்சத்தண்ணியில குளிச்சியே நைனா! உனக்கு ஒரு அண்டா வெந்நீர் குடுக்க முடியாமப் போச்சே!

சரி, அழுவல. நல்ல சேதி சொல்ல உட்கார்ந்துட்டு அழுதா நல்லாவா இருக்குது? நம்ம பாதி நெல்லு வந்துடுச்சு. வித்த கையோட அம்மா முடிச்சுல காசைத் திருப்பி வச்சுடுச்சு. ஒரு பைசா குறையல, புதுக்காசுலயும் குறையல! இப்ப அடுப்பாங்கரையில ரெண்டு பானை. ஒரு பிடி பெருமாளுக்கு, ஒரு பிடி வீட்டுக்கு. வீட்டுப் பானைக்கும் மஞ்ச குங்குமம் வச்சுட்டேன். அப்பத்தான் எடுக்கப் பயமா இருக்கும்.

மாசியில உனக்கு வருஷ திதி குடுத்துட்டு மலைக்குப் போறோம். நேத்து அம்மாகிட்ட கேட்டேன், "அசல் சரி, மூணு மாச வட்டிய இன்னா பண்றது?"ன்னு. அம்மா முறத்துல அரிசி புடைச்சுக்கினே, தலையைக் கூட நிமிர்த்தல. "வட்டிய உங்க நைனாகிட்ட வாங்கிக்கச் சொல்றேன். அவருகூடதான கீறாரு."

கேட்டுக்கினியா? அசலை நானும் அம்மாவும் மலையேறி உண்டியல்ல சேர்த்துடுவோம், இது சத்தியம். வர்ற ஐப்பசிக்கும், அதுக்கு அடுத்த ஐப்பசிக்கும் அண்டா வீட்டை விட்டுப் போவாது, அதுவும் சத்தியம். வட்டியை மட்டும் நீ பார்த்துக்க நைனா.

இப்படிக்கு,
உன்னை மாதிரியே "ஈயம் பூச"ன்னு ஒரே ஒரு தடவை பொய் சொன்ன உன் பொண்ணு,
கன்னியம்மா