உறையில் விட்டுப்போன பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் ஓடில் எழுதுவது. முழங்கால் வீக்கம் வற்றியதா? இங்கே டுலூத்தில் முட்டளவு பனி, எனக்குச் சளிகூட இல்லை.

ஒரு சின்ன விஷயம், பதற வேண்டாம். எங்கள் பொது வானொலியில் வாரம் ஐந்து நாள் வந்த என் ஜாஸ் நிகழ்ச்சி இனி ஞாயிறு காலை ஆறு மணிக்கு மட்டும்தானாம். "இசையப் போடு, போதும். வாசிச்சவங்க பேரையெல்லாம் அடுக்காத, யாரு கேக்கப்போறா?" என்றார் மேலாளர் பிரென்ட். போன ஞாயிறு அவர் சொன்னபடியே செய்தேன். தொலைபேசி ஓயவில்லை. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், "ஏம்மா, அந்தப் பெரிய தந்தி வாத்தியம், டபுள் பேஸ், அத வாசிச்சது யாரு? பேரச் சொன்னா வாய் வலிக்குமா?" என்று கத்தினார். வேவு பார்க்க வந்திருந்த பிரென்ட்டிடமே ரிசீவரை நீட்டினேன்.

இனி ஒரு பெயரையும் விடமாட்டேன். வேலையை விட்டுத் தூக்கினால் தூக்கட்டும்.

அங்கிருந்து நியூ ஆர்லியன்ஸ் சிக்கரி காபித்தூள் அனுப்புங்கள். ஒரு டப்பா போதும், குடிக்க நான் ஒருத்திதானே. கூடவே நீங்கள் டபுள் பேஸ் வாசித்த அந்த ஒரே இசைத்தட்டும் வேண்டும். உறையில் உங்கள் பெயரைப் போடாமல் விட்டார்களே, அது. வந்து சேர்ந்த மறு ஞாயிறே ஒலிபரப்புவேன். எங்கள் வானொலி போனிலும் வரும், கேளுங்கள். "டபுள் பேஸ், ஆல்சிட் ரோபிஷோ" என்று உங்கள் பெயரை இரண்டு தடவை சொல்வேன்.

ஒலிபரப்பு அறையின் சிவப்பு விளக்கு எரிகிறது, ஓடுகிறேன்.

உங்கள் ஓடில்