பாலத்துப் படத்தில் இருப்பவள்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம், என் முழங்காலைத் தவிர. அது அது பாட்டுக்கு இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? போனில் உன் தொண்டை கட்டியிருந்தது, கேட்டால் ஏசி என்கிறாய். வெந்நீர் குடி. காலமெல்லாம் மருந்துக் கடையில் நின்றவன் சொல்கிறேன், ஒவ்வொரு தும்மலுக்கும் மாத்திரை விழுங்காதே. சமையலறைக் குழாயை மாற்றியாகிவிட்டது, பிளம்பர் இன்று வருகிறேன் நாளை வருகிறேன் என்று இழுத்தடித்து ஒரு வழியாக வந்தார்.

நகராட்சி ஆவணக் காப்பகத்தில் மாதாமாதம் நகர வரலாறு பற்றிப் பேச்சு நடக்கிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா, உன் அம்மா ஒன்றையும் விடுவதில்லை. நான் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து உட்காருவேன், அவ்வளவுதான் என் வரலாற்று ஆர்வம். அங்கே ஒரு வழக்கம், பேச்சு முடிந்ததும் பழைய படங்களைத் திரையில் போட்டு, யார் யார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்பார்கள். ஒருவர் சொல்லி மற்றவர்கள் ஒத்துக்கொண்டால் படத்தின் கீழே அதையே எழுதிவிடுவார்கள். போன மாதம் ஆற்றுப் பாலத்தைப் பற்றிப் பேச்சு. பாலம் திறந்த அன்று வண்டிகளை விடுவதற்கு முன் ஜனங்களை நடக்க விட்டார்கள், அந்தப் படத்தைப் போட்டார்கள். நடுவில் உன் அம்மா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண். முன்வரிசையில் உட்காரும் ஓய்வுபெற்ற கண்டக்டர், களஞ்சியம் என்று நாங்கள் பட்டம் வைத்திருப்பவர், சட்டென்று எழுந்து இது மருந்துக் கடைக்காரர் சம்சாரம், கூட இருப்பது வெளிநாட்டில் இருக்கிற அவர் மகள் என்று சொல்லிவிட்டார். எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். பாலம் திறந்தபோது நீ பிறக்கவே இல்லை. அது உன் அக்கா.

அக்கா ஒருத்தி இருந்து காய்ச்சலில் போனாள் என்று உனக்குத் தெரியும், முகம் தெரியாது. ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போகலாம், போகலாம் என்றே நாளைக் கடத்தினோம், வீட்டில் ஒரு படம்கூட இல்லை. அன்று திரையில்தான் அவள் முகத்தை மறுபடி பார்த்தேன். உன் அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், இருக்கட்டும் விட்டுவிடுங்கள், அத்தனை பேரும் ஐயோ பாவம் என்பார்கள், என்னால் கேட்க முடியாது என்றாள். எனக்கு மனம் ஆறவில்லை. அவளுக்கென்று இருப்பது அந்த ஒரு படம், அதையும் உன் கணக்கில் எழுதினால் எப்படி? கோபித்துக்கொள்ளாதே அம்மா, நியாயத்தைச் சொல்கிறேன். மறுநாளே காப்பகத்துக்குப் போனேன். பொறுப்பில் இருக்கும் அதிகாரி அம்மா மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் சபையில் சொன்னதைச் சபையில்தான் மாற்ற முடியும், அதுவும் அடுத்த கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள், பிறகு படத்தைப் பெரிதாக அச்சடித்துப் பாலத்தடியில் வைக்கப் போகிறோம் என்றார். வீட்டில் வந்து சொன்னேன். உன் அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

இந்த மாதக் கூட்டத்தில், நான் சொல்லலாம் என்று எழுந்தேன். உன் அம்மா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். வேண்டாம் என்கிறாளாக்கும் என்று நினைத்தேன், அவளே எழுந்துவிட்டாள். "அது என் பெரிய பொண்ணு. வெளிநாட்டுல இருக்கறவ அப்புறம்தான் பொறந்தா" என்றாள். கண்டக்டர் பாவம், உங்களுக்கு ஒரே பெண் என்றல்லவா நினைத்தேன் என்று தடுமாறினார். "எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். எனக்கு ரெண்டு பொண்ணு" என்றாள். யாரும் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. அந்த அதிகாரி உன் அக்கா பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, குழந்தை காலில் ஒரு செருப்புதானே இருக்கிறது என்று கேட்டார். மிதக்கிறதா பார்க்கிறேன் என்று மற்றதை ஆற்றில் போட்டுவிட்டாள் என்று சொல்லி உன் அம்மா சிரித்தாள். இது எனக்கே தெரியாது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மறந்துவிடாதே, கடைசி நேரத்தில் ஓடாதே. நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க எங்கள் ஆசி. படத்தின் பிரதி ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு, என்னைப் போலவே இருக்கிறாளே என்று அம்மாவிடம் சொல்லாதே. நீதான் அவளைப் போல இருக்கிறாய்.

அன்புடன்,
உங்கள் இருவரின் அப்பா